வாத்துப் பெட்டிக்குப் பூஜை

இலவசம் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். சுனாமி வந்து போன பிறகு எங்கள் பக்கத்தில் இலவசமாக எதையாவது கொடுக்காத ஆளே கிடையாது. பாய் கொடுத்தான், போர்வை கொடுத்தான், பிளாஸ்டிக் குடம் கொடுத்தான். மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒன்பது குடம். எதற்குக் கொடுக்கிறான் என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. நான் கேட்டேன். அதனால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

என் பெயர் கலியபெருமாள். மரக்காணம் உப்பளத்தில் ஆதிமூலம் முதலாளியிடம் இருபத்திரண்டு வருடம் மேஸ்திரி. எந்தப் பாத்தியில் யார் உப்பு வாருவது, யார் சுமப்பது என்று சொல்கிறவன் நான். அதோடு, எங்கள் தெருவில் நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பெரிய மனுஷனும் நான்தான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பட்டா, எதுவானாலும் மனு என் கையால்தான் போக வேண்டும். வெற்றிலை பாக்கோடு வந்து என் வாசலில் நிற்பார்கள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் நிற்பார்கள். அப்படி அவர்கள் நிற்பது எனக்குப் பிடிக்கும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

சுனாமியில் கடல் உள்ளே வந்து பாத்தியெல்லாம் சேறானது. அப்போது வந்த தொண்டு நிறுவனம் ஒன்று பதினைந்து ஏக்கர் உப்பளத்தை வாங்கி, அதை உப்பளத்துப் பெண்களுக்கே கொடுக்கப் போவதாக அறிவித்தது. விண்ணப்பிக்கிற குழுவில் நாற்பது பெண்கள் இருக்க வேண்டும். ஒவ்வொருத்தியும் எந்தப் பாத்தியில், எந்த வருடத்திலிருந்து, என்ன வேலை செய்தாள் என்று அவள் வாயால் சொன்னதை டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். ஐப்பசி பிறக்கிறதற்கு முன்னால், அக்டோபர் பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை, அவர்களே ஜீப்பில் வந்து வாங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு கொடுத்தால் செல்லாது.

எங்கள் தெருப் பெண்கள் ஏற்கெனவே ஒரு மகளிர் குழு வைத்திருந்தார்கள். தலைவி சாலம்மாள். முப்பது வருடமாக உப்பு வாரி, உள்ளங்கால் இரண்டும் வெடித்துப்போனவள். புருஷன் இல்லை. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு ஒரே பெண், பிரியதர்ஷினி. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அந்தப் பெண் உப்பில் கால் வைக்கக் கூடாது என்பதுதான் சாலம்மாளின் ஒரே ஆசை. சொந்த உப்பளம் வந்தால் பெண்ணை நிழலில் உட்கார்த்தி வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

ஆவணி மாதம் குயிலாப்பாளையத்திலிருந்து திருமுருகன் என்று ஒருத்தன் வந்தான். வெள்ளைக்காரர்கள் நடத்துகிற ஏதோ ஒரு இடத்தில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே வேண்டாம் என்று ஓரங்கட்டிய ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து குழுவின் தகரக் கொட்டகையில் வைத்தான். கூடவே ஒரு இன்வர்ட்டர், ஒரு லாரி பேட்டரி. கம்ப்யூட்டருக்குள் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போயிருந்தது. பிளாப்பி போடுகிற வாயை உப்புக் காற்று தின்றிருந்தது. அவன் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து உள்ளே தள்ளினான். திரையில் ஒரு பென்குயின் வந்து உட்கார்ந்தது. எங்கள் பெண்கள் அதை வாத்து என்றார்கள். அன்றிலிருந்து அதற்கு வாத்துப் பெட்டி என்று பெயர்.

"இது பேரு லினக்ஸுங்க. ஹார்ட் டிஸ்க் இல்லன்னாலும் சிடியிலேர்ந்தே ஓடும். லெட்டர் அடிக்கிறது, படம் வரையறது எல்லாம் இதுலயே இருக்குது. தமிழும் நாங்களே போட்டு வச்சிருக்கிறோம்," என்றான் திருமுருகன். "எல்லாமே இலவசம். யாரு வேணா எடுத்துக்கலாம். காப்பி போட்டு அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். உள்ள எப்படிச் செஞ்சிருக்குதுன்னு தொறந்தும் பாக்கலாம்."

"செஞ்சவனுக்கு என்னா லாபம்?" என்று கேட்டேன்.

"லாபம் ஒண்ணும் இல்லீங்க. நாலு பேருக்கு உதவும்."

"ஏம்பா, எங்க காதுல பூ சுத்துறதுக்கா குயிலாப்பாளையத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தே?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்போதுதான் அந்தப் பெண் பிரியா வாயைத் திறந்தாள்.

"மாமா, நீங்க ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்குறீங்களே, உங்களுக்கு என்னா லாபம்? அது மாதிரிதான் இதுவும்."

அவள் என்னைப் புகழ்ந்துதான் சொன்னாள். எனக்குத் தெரியும். ஆனால் பெண்கள் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். எனக்கு என்ன லாபம் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். நின்றவர்கள் அவர்கள்தானே. என் முகம் போன போக்கை அன்று யாரும் கவனிக்கவில்லை.

திருமுருகன் பத்து நாள் வந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். வேறு ஹார்ட் டிஸ்க் கொண்டுவருகிறேன், அதுவரைக்கும் சும்மா பழகு என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் சும்மா பழகுகிறவளா? ஓப்பன் ஆபீஸ் என்று ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த வாரமே மனு அடிக்கத் தொடங்கிவிட்டாள். மரக்காணம் பஜாரில் பிரிண்டர் வைத்திருக்கிற பையன் ஒருத்தன் பழைய துணி மூட்டை மாதிரி அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இரண்டு தாள் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அச்சடித்த மாதிரி எழுத்து. என் கையெழுத்தெல்லாம் அதன் பக்கத்தில் நிற்குமா?

என் வாசல் காலியானது. ஒரு நாள் சாலம்மாளே வந்து, "அண்ணே, இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லே. பாவம், எத்தினி வருஷம் எங்களுக்காக மாரடிச்சீங்க," என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாசி பிறந்ததும் பிரியா அந்த நாற்பது பேரின் வாக்குமூலத்தை அடிக்க ஆரம்பித்தாள். உப்பள வேலை முடிகிற நேரம். குவித்த உப்பு அம்பாரத்துக்கு ஓலை போட்டு மூடிவிட்டு, சாயங்காலம் இரண்டு பேர், மூன்று பேராகக் கொட்டகைக்குப் போவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவள் நேராகவே அடிப்பாள். நோட்டில் எழுதிப் பிறகு அடிப்பது இரட்டை வேலை என்றாள். குழுவில் ஒருத்தி, சின்னப்பாப்பா, தன் கதையைச் சொல்லிவிட்டு, பிரியா அதைத் திருப்பிப் படித்துக் காட்டியபோது அழுதாளாம். என்னிடம் இருபது வருடமாக மனு எழுதி வாங்கினவள் அவள். என் மனுவைக் கேட்டு ஒருத்தியும் அழுததில்லை.

ஆதிமூலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் பெண்டாட்டி பேரில் உள்பக்கத்துக் கிராமத்தில் ஒரு குழு இருந்தது. உப்பை உலையில் போடும்போது மட்டும் பார்த்தவர்கள் நாற்பது பேர். விண்ணப்பம் தயாராக இருந்தது.

"அந்தப் பதினஞ்சு ஏக்கரு வெளிய போச்சுன்னா எனக்கு வேலைக்கு ஆளு கிடைக்காதுடா. உன் தெரு தானே, பாத்து ஏதாவது பண்ணு," என்றார்.

அவர் சொன்னதால் செய்தேன் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் சொல்லாவிட்டாலும் செய்திருப்பேன்.

மறுநாள் கொட்டகைக்குப் போனேன். "எனக்கும் கத்துக் குடு பாப்பா" என்றேன். அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்கார வைத்தாள். எந்த எழுத்து எங்கே என்று காட்டினாள். நான் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, கலியபெருமாள் என்று என் பெயர் திரையில் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் நான் வந்த காரியத்தையே மறந்துவிட்டேன்.

"இதை அப்படியே வச்சிருக்குமா?" என்று கேட்டேன்.

"அதுல ஒரு சிக்கல் இருக்குது மாமா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஹார்ட் டிஸ்க் இல்ல பாருங்க. சேவ் பண்ணாலும் பெட்டியோட நெனப்புலதான் இருக்கும். கரண்ட்ட நிறுத்தினா எல்லாம் போயிடும். மறுபடி போட்டா இப்பதான் பொறந்த மாதிரி வரும். நான் மூணு வாரமா இதை ஆஃப் பண்ணவே இல்ல. பேட்டரி இருக்கிறதால கரண்டு போனாலும் ஓடுது."

"அய்யய்யோ. அப்ப நாப்பது பேரு கதையும்?"

"எல்லாம் உள்ள நெனப்புலதான் இருக்குது. தாள்ல எடுத்து வைக்கலாம்னா அந்த பஜார் பையனோட பிரிண்டரும் ரிப்பேரு. திருமுருகன் அண்ணனுக்கு போன் பண்ணேன். திட்டித் தீத்துட்டாரு. பென் டிரைவ்னு வெரல் மாதிரி ஒண்ணு இருக்குதாம். லீவு முடிஞ்சு வியாழக்கிழமை கொண்டாந்து அதுல ஏத்திடுறேன்னு சொல்லிட்டாரு. அது வரைக்கும் அணைக்காம இருந்தாப் போதும். குழுவுல யாருக்கும் இதச் சொல்லல மாமா. பயந்துடுவாங்க. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

போகும்போது ஒரு சிடியை என் கையில் கொடுத்தாள். திருமுருகன் அவளுக்குக் கொடுத்த உபரி. அதன் மேல் 'மாமாவுக்கு' என்று பேனாவால் எழுதியிருந்தாள். என்னைக்காவது நானும் ஒரு பெட்டி வாங்கினால் இதைப் போட்டுக்கொள்ளலாமாம். நாலு பேருக்கு உதவுமாம்.

முப்பத்தொன்பது பேர் முடிந்திருந்தது. பாக்கி ஆராயி ஒருத்திதான். பிள்ளை பெற்று இரும்பை கிராமத்தில் தாய் வீட்டில் இருந்தாள். நாற்பதில் ஒன்று குறைந்தாலும் தள்ளிவிடுவார்கள் என்று நான் பிரியாவிடம் எடுத்துச் சொன்னேன். ஆயுத பூஜை அன்று பஸ்ஸில் கூட்டம் இருக்காது, போய்க் கூட்டிவந்துவிடு என்றும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் போனாள். போவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, சுவிட்சுக்கு மேலே ஒட்டியிருந்தாள். 'தயவுசெய்து அணைக்காதீர்கள்.'

ஆயுத பூஜை எங்கள் உப்பளத்தில் விசேஷம். அன்றைக்கு எந்த ஆயுதத்தையும் கையால் தொட்டு வேலை செய்யக் கூடாது. உப்பு வாருகிற பலகை, கூடை, மண்வெட்டி, இறைக்கிற எஞ்சின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்போம். ஓடுகிற எஞ்சினுக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள். நிறுத்தி, ஆற விட்டுத்தான் வைக்க வேண்டும்.

நான் குளித்து நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு சாலம்மாள் வீட்டுக்குப் போனேன்.

"ஏம்மா சாலம்மா, பலகைக்கெல்லாம் பொட்டு வச்சிட்டே. உன் பொண்ணோட ஆயுதத்துக்கு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, ஆமாண்ணே. எனக்குத் தோணவே இல்ல பாரேன்."

சாவி அவளிடம்தான் இருந்தது. ஈரத்துணி, சந்தனக் கிண்ணம், சாமந்திச் சரம், தட்டு நிறையப் பொரி, எல்லாம் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். சின்னப்பாப்பாவும் இன்னும் மூன்று பெண்களும் கூட வந்தார்கள். பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போச்சேண்ணே."

"பசங்க கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பா. சாமிக்கு ஆகாதுன்னா சொன்னா? மூணு வாரமா ஓயாம ஓடுது. எஞ்சினுக்குக் குடுக்கிற ஓய்வு இதுக்குக் குடுக்க வேணாமா? வெள்ளிக்கிழமை நல்ல காரியத்துக்கு உதவப்போற ஆயுதம்மா இது."

அவள் தயங்கினாள். பிறகு அந்தத் தாளைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. கூட வந்த நாலு பேருக்கும் தெரியாது.

"இது என்னாண்ணே எழுதி ஒட்டியிருக்குது?"

என்னால் எதையும் சொல்லியிருக்க முடியும். உள்ளதைப் படித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"சரஸ்வதி துணைன்னு எழுதியிருக்கிறா," என்றேன்.

சாலம்மாளின் கண் கலங்கிவிட்டது. "பாருண்ணே. சாமி இல்லன்னு பேசிக்கினு திரியறா, எனக்குத் தெரியாம எழுதி ஒட்டியிருக்கிறா." தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எந்த சுவிட்ச்சுண்ணே?"

நான் விரலால் காட்டினேன். என் கை படவில்லை. அவள்தான் அமுக்கினாள். உர்ர் என்ற சத்தம் நின்றது. திரை கறுத்தது. கொட்டகை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

பெற்ற பிள்ளையைத் துடைப்பது மாதிரி அதைத் துடைத்தாள். திரைக்கு மூன்று பொட்டு, பெட்டிக்கு மூன்று பொட்டு, மவுஸுக்கு ஒன்று. தாளின் மேல் சந்தனத்தை அகலமாக இழுத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். எழுத்து பாதி மறைந்தது. கற்பூரம் காட்டினோம். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நாலு மணி பஸ்ஸில் பிரியா வந்தாள். கூடவே ஆராயி, இடுப்பில் கைக்குழந்தை. வாசலிலேயே சாலம்மாள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். நான் உள்ளே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போயிருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன்.

அவள் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். கறுத்த திரையைப் பார்த்தாள்.

"யாரும்மா ஆஃப் பண்ணது?" குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"நான்தான்டி. மாமாதான் ஞாபகப்படுத்தினாரு. ஒரு நாளாவது ஓய்வு வேணாமா அதுக்கு? நீ எழுதி வச்சிருந்த சரஸ்வதி துணைக்கும் பொட்டு வச்சிட்டேன். கழுத, என்கிட்ட சொல்லவே இல்லியே நீ."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பதில் தயாராக வைத்திருந்தேன். ஆயுதம் என்றால் ஆயுதம்தானே, எனக்கென்ன தெரியும் கம்ப்யூட்டரைப் பற்றி, என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"சரஸ்வதி துணையா?" என்றாள்.

"ஏன், அப்படித்தானே எழுதியிருக்கிறே? அண்ணன்தான் படிச்சுக் காட்டினாரு."

அவள் தாய் பக்கம் திரும்பினாள். "ஆமாம்மா. சரஸ்வதி துணைதான்."

"நான் சொல்லட்டுமா என் கதைய?" என்றாள் ஆராயி, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு.

"நாளைக்குக் கேக்குறேங்கா. இன்னிக்கு ஆயுத பூஜை."

தாய் நீட்டிய பொரியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். எவ்வளவு நேரம் மென்றாள் என்று எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் விஜயதசமி. பயணம் கிளம்ப நல்ல நாள் என்று கரும்பு வெட்டப் போகிற லாரி வந்து, குழுவில் இருபத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு போனது. மழைக்காலத்துக்கு உப்பளத்தில் வேலை கிடையாது, தை பிறந்தால்தான் திரும்புவார்கள். அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிம்மதியில் பாடிக்கொண்டு போனார்கள். பிரியா அன்று முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து கையால் எழுதிப் பார்த்திருக்கிறாள். பதினொரு பேருடையதுதான் வந்தது. மற்றவர்களுடைய வருடமும் பாத்தியும் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. இட்டுக்கட்டி எழுதியிருக்கலாம். முதலாளியின் குழு அதைத்தான் செய்திருந்தது. அவளுக்கு அது வரவில்லை.

வியாழக்கிழமை திருமுருகன் பென் டிரைவோடு வந்தான். ஊரில் மிஞ்சியிருந்த பெண்கள் கொட்டகை முன்னால் கூடியிருந்தார்கள். நானும் போய் ஓரமாக நின்றேன். அவன் பெட்டியைப் போட்டான். பென்குயின் வந்து, முதல் நாள் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"ஆஃப் பண்ணியா?" என்று திருமுருகன் பிரியாவைக் கேட்டான். "எத்தினி தடவ சொன்னேன்? யாரு ஆஃப் பண்ணது?"

சாலம்மாளின் முகம் வெளுத்தது. "நான் பூஜைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"உன்னால இல்லம்மா." பிரியா சட்டென்று குறுக்கே வந்தாள். "பூஜை முடிஞ்சு நேத்து போட்டப்ப எல்லாம் இருந்துச்சு. இன்னிக்குக் காலைல நான்தான் கை தவறி எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

திருமுருகன் அவளை உற்றுப் பார்த்தான். அப்படி இருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவள் கண்ணில் என்ன பார்த்தானோ, வாயை மூடிக்கொண்டான்.

முதலில் ஒருத்தருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஆராயி குழந்தையோடு தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். சின்னப்பாப்பா முன்னால் வந்து அந்தப் பெண்ணின் முகத்தில் காறித் துப்பினாள். "எங்க வாழ்க்கைய உன்கிட்ட சொன்னோமேடி! அழிச்சிட்டேன்னு சொல்ல எப்படிடி வாய் வருது?" அதற்கு மேல் நடந்ததுதான் பெரியது. சாலம்மாள் மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்தாள்.

நான் ரொம்பப் பேர் அடிபட்டுப் பார்த்திருக்கிறேன். நானே அடித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தாய் அடித்த மாதிரி பார்த்ததில்லை. தலைவி அவள். மற்ற பெண்களின் முன்னால் அவள்தான் அடித்தாக வேண்டும். "நாப்பது பேரு வயித்துல மண்ணப் போட்டியேடி பாவி! உன்ன நிழல்ல உக்கார வைக்கணும்னு ஆசைப்பட்டேனே, உன் கை வெளங்குமா?" முதுகு, கை, கழுத்து என்று பார்க்காமல் அடித்தாள். ஈர்க்குச்சி ஒடிந்து பறந்தது. திருமுருகன் தடுக்கப் போனான், இரண்டு பெண்கள் அவனைப் பிடித்துத் தள்ளினார்கள்.

பிரியா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தாயின் தோளுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுப்பாக இருந்தால் நான் தாங்கியிருப்பேன். அது வெறுப்பில்லை. சொல்லிவிடாதீங்க மாமா என்று கெஞ்சுகிற பார்வை. எல்லாவற்றையும் அழித்தது தாய் அமுக்கிய சுவிட்ச்சுதான் என்பது தாய்க்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அதற்கு என் தயவு வேண்டும். என் வாசலில் நின்றவர்கள் யாரும் என்னிடம் அவ்வளவு பணிவாகக் கேட்டதில்லை.  நான் வாயைத் திறக்கவில்லை, துடைப்பத்தையும் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. உள்பக்கத்துக் குழுவின் தாள்களை வாங்கிக்கொண்டு போனது. பதினைந்து ஏக்கரும் முதலாளியின் பெண்டாட்டி குழுவுக்குப் போனது. மாசியில் வேலை தொடங்கியபோது அதற்கும் நான்தான் மேஸ்திரி. முதல் நாள் வேலைக்கு வந்தவர்களில் சாலம்மாளும் இருந்தாள், பிரியாவும் இருந்தாள். காலில் பழைய சாக்கைக் கட்டிக்கொண்டு, பலகையைப் பிடித்துத் தாய் பக்கத்திலேயே உப்பு வாரினாள். பத்து நாளில் அவள் உள்ளங்காலும் வெடிக்க ஆரம்பித்தது. எந்தப் பாத்திக்குப் போக வேண்டும் என்று தினமும் காலையில் என்னிடம் வந்து கேட்பாள். மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தப் பெட்டியைத் திருமுருகன் திரும்ப எடுத்துப் போகவில்லை. பொட்டு வைத்த பொருளை வெளியே விடக் கூடாது என்று சாலம்மாள் வைத்துக்கொண்டாள். ஹார்ட் டிஸ்க் போட்டுத் தருகிறேன் என்று அவன் இரண்டு தடவை வந்தான். வேண்டாம் என்று பிரியா சொல்லிவிட்டாள். ஒரு மழைக்காலம், ஒரு உப்புக் காலம் தாண்டியதும் அது முழுக்கத் துருவேறிவிட்டது.

மறுவருடம் ஆயுத பூஜை வந்தது. நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். சாலம்மாளே வீடு தேடி வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். "நீங்கதாண்ணே அந்தப் பூஜைய ஆரம்பிச்சு வச்சீங்க. நாங்க செஞ்ச பூஜையில கொறை இல்ல. இவ கைதான் ராசியில்லாத கை. நீங்க வந்து நிக்கணும்." எப்படி மறுப்பேன்? வெற்றிலை பாக்கு வேறு வைத்திருந்தாள்.

கொட்டகையில் பெண்கள் கூடியிருந்தார்கள். கரும்பு வெட்டப் போனவர்களும் இருந்தார்கள். பிரியாவோடு அவர்கள் இன்னும் பேசுவதில்லை. அவள் சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். கை இரண்டிலும் உப்பு தின்ற வெடிப்பு. துருப்பிடித்த பெட்டியைச் சாலம்மாள் துடைத்தாள். சுவிட்சுக்கு மேலே அந்தத் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்து, பாதி எழுத்து வெளியே தெரிந்தது.

"அண்ணே, பொட்டு வைக்கிறதுக்கு மின்ன, போன வருஷம் மாதிரி அதப் படிங்க," என்றாள் சாலம்மாள். கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டாள். எல்லாப் பெண்களும் கைகூப்பினார்கள்.

நான் தாளைப் பார்த்தேன். பிரியாவைப் பார்க்கவில்லை.  "சரஸ்வதி துணை" என்று முனகினேன்.

"சத்தமா படிங்க மாமா," என்றாள் பிரியா. தட்டை என் பக்கம் நீட்டினாள். "அம்மாவுக்குக் கேக்கல."

நான் சத்தமாகப் படித்தேன்.